பெரிய கிராணிக்கு நான் கட்டிக்கொடுத்த மோர் சாதம்

ஆரோக்கியம் என்ற சொல்லைப் புதிதாகக் கற்றுக்கொண்டவளோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதைவிட, ஆரோக்கியமே இல்லாமல் கிடப்பது எவ்வளவோ மேல். இதை என் கணவர் சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்கு அப்போது தெம்பு இல்லை. அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான் அல்லவா.

அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதிது. மலாயாவில், குளுவாங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால் பலகை வீடு எங்களுக்கு. இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூரில் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் சிபாரிசு செய்ய வேண்டியவர் பெரிய கிராணி ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். அதட்டிப் பேச மாட்டார்; ஆனால் அவர் ஒரு தரம் தலையை ஆட்டினால் துரை இரண்டு தரம் ஆட்டுவார்.

இந்த நேரம் பார்த்து, யாரோ கொடுத்த பழைய பத்திரிகையில் உணவைப் பற்றிய ஒரு கட்டுரையை நான் படித்துத் தொலைத்தேன். எண்ணெய் விஷம், உப்பு விஷம், மிளகாய் விஷம், தாளிப்பது மகாபாவம். எல்லாவற்றுக்கும் மேலாக, எதைத் தின்றாலும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். மறுநாளே அவருடைய தூக்குச்சட்டியில் கைக்குத்தல் அரிசிச் சோறு, உப்பில்லாத முருங்கைக்கீரை, பச்சைப் பாகற்காய்த் துருவல் எல்லாம் ஏறின. ("கருவாடு ஒரு துண்டு வெச்சா என்ன பாவம்?" என்று ஒருநாள் கேட்டார். நான் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி அங்கேயே செத்தது.) அவர் இளைத்தார். அதையும் நான் ஆரோக்கியக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் பெரிய கிராணி ஐயாவின் சம்சாரம் மகள் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். ஐயா சீனன் கடையில் மீ நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த வைத்தியச்சி துள்ளி எழுந்தாள்.

"நாளைக்கு அவருக்கும் நான் சாப்பாடு கட்டப்போறேன்," என்றேன்.

"வேணாம்மா. நம்ம சோறு அவர் கையில இருக்கு. அவர் சோத்துல போய் நீ கைய வைக்காத."

"வயித்துக்கு நல்லது பண்ணினா உங்க வேலை நிரந்தரமாயிடும். பேசாம இருங்க."

பேசாமல் இருந்தார். அதில் மட்டும் அவருக்குத் தேர்ச்சி வந்துவிட்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் நானே எடுத்துக்கொண்டு போனேன். வாழையிலையில் சோறும் கீரையும், எனாமல் குவளையில் மோர். ஆபீசை ஒட்டியே பால் நிறுக்கும் கொட்டகை. மரம் வெட்டுபவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர்கள், வாளியில் கொண்டுவரும் ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஆளுக்கொரு எனாமல் குவளையில் கொஞ்சம் எடுத்து நிழலில் ஒரு பலகைமேல் வரிசையாக வைத்திருப்பார்கள். அதைக் காவல் காப்பதும் சின்னக் கிராணியான என் கணவர் வேலைதான். அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். வெயிலில் வந்த மோர் கொஞ்சம் குளிரட்டும் என்று நானும் குவளையை அந்தப் பலகையில் வைத்துவிட்டு, ஆபீஸ் வராந்தாவில் இலையை விரிக்கப் போனேன்.

திரும்பி வந்து குவளையை எடுத்தேன். கறிவேப்பிலை, இஞ்சி, கடுகு என்று உருப்படியாக ஏதாவது போட்டிருந்தால் எது என் மோர் என்று தெரிந்திருக்கும். எதுவும் போடவில்லை. ஆரோக்கியம். கொட்டகை முழுக்க ரப்பர் வாடை அடித்ததால் மூக்கும் உதவவில்லை. நான் தூக்கிக்கொண்டு போனது, மரம் வெட்டும் அஞ்சலை கொண்டுவந்த ரப்பர் பால்.

அதைச் சோற்றில் தாராளமாக ஊற்றினேன். உப்புக்குப் பதிலாக ஓர் எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தேன். புளிப்புப் பட்டால் ரப்பர் பால் உறைந்துவிடும் என்று அந்தத் தோட்டத்தில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும்.

ஐயா ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்றார். யோசித்தார்.

"பிள்ளை, இது கொஞ்சம் இழுபடுது."

"கைக்குத்தல் அரிசிங்க ஐயா. சத்து உள்ளது அப்படித்தான் இருக்கும். நல்லா மென்னு சாப்பிடுங்க."

மரியாதை தெரிந்த மனிதர், மென்றார். மெல்ல மெல்ல அது வாய்க்குள் திரண்டுகொண்டே போயிற்று. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. ஒரு கன்னம் தனியாக உப்பியது.

"விழுங்கேலாமல் கிடக்குது, பிள்ளை," என்றார், பாதி வாயால்.

"மெல்லாததைத்தான் ஐயா விழுங்க முடியாது. இன்னும் கொஞ்சம்."

அப்போது என் கணவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு குவளை. அதில் விரலை விட்டு நக்கிக் காட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் அஞ்சலை, "அலமாக், ஐயோ, என் பாலு எப்புடிங்க மோராப் போச்சு? நான் தண்ணிகூடக் கலக்கலையே," என்று கிசுகிசுத்தாள்.

நான் தூக்கி வந்தது எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியாள் ஒருத்தி பால் குவளையை மாற்றினாள் என்று தெரிந்தால் காவல் இருந்த என் கணவரின் வேலை அன்றே போய்விடும். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவும் முடியாது. ஐயாவோ வாயையே திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவர் விரலை விட்டு உருண்டையைப் பிடித்து இழுத்தார். அது வந்தது. கூடவே மேல்வரிசைப் பல் முழுவதும் வந்தது. (பொய்ப்பல் என்று அதுவரை ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது, அவ்வளவு கம்பீரமாகச் சிரிப்பார்.) கை நழுவி, உருண்டை பலகைத் தரையில் பல்லோடு ஒரு துள்ளுத் துள்ளி மேசைக்கு அடியில் உருண்டது. என் கணவர் தவழ்ந்து போய் எடுத்து, வேட்டியில் துடைத்து நீட்டினார்.

ஐயா காலமெல்லாம் ரப்பர் கணக்குப் பார்த்தவர்தான். ஆனால் ரப்பரை வாயில் போட்டுப் பார்த்ததில்லை. கீரை வேறு கலந்து அது பச்சையாக இருந்தது. அதை உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெலிந்து நின்ற என் கணவரைப் பார்த்தார்.

"தம்பி, இதையோ நீர் நாள்தோறும் சாப்பிடுறீர்?"

"ஆமாங்க ஐயா," என்றார் என் கணவர்.

பொய் சொல்பவர் கொஞ்சம் தடுமாற வேண்டாமா? துளிகூடத் தடுமாறவில்லை.

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதைத் திண்டுகொண்டும் ஒரு முறைப்பாடு இல்லாமல் வேலைக்கு வாற பெடியனை நான் கைவிடமாட்டன்," என்றார், பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டே.

அந்த வாரமே வேலை நிரந்தரமாயிற்று. வீடு தங்கிற்று என்று சந்தோஷம், என் சமையல் மானம் போயிற்று என்று ஆத்திரம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மூச்சாக அழுதேன். மறுநாள் கருவாடு பொரித்துக் கட்டினேன். சாயங்காலம் தூக்குச்சட்டி கழுவியதுபோல் திரும்பி வந்தது.

ஐயா நல்லவர்தான், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. குளுவாங்கிலிருந்து யோங் பெங்வரை எந்தத் தோட்டத்துக் கிராணியைப் பார்த்தாலும் என் சோற்றின் கதையைச் சொன்னார். கல்யாண வீடுகளில் நான் அகப்பைப் பக்கம் போனாலே, "நீ உக்காரும்மா, வெத்தலை மடிச்சா போதும்," என்று பெண்கள் என்னை ஓரங்கட்டினார்கள். மறுத்துப் பேச முடியுமா? பேசினால் வேலை போகும். வெற்றிலை மடித்தேன்.

ஐயா பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய் நாளாகிவிட்டது. இனி உண்மையைச் சொல்லலாம் என்று ஒருநாள் சாப்பிடும்போது பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். மூத்தவள் தகப்பனாரைப் பார்த்து, "நெசமாப்பா? அன்னைக்கு மட்டுந்தான் அது ரப்பரா?" என்று கேட்டாள். இன்றுவரை விடாமல் கேட்கிறார்கள். அந்த மனுஷரும் பதில் சொல்லாமல், வாயில் இருப்பதை மென்றுகொண்டே இருக்கிறார்.