குருசடியில் கிடந்த அண்டா

பாம்பன்,
20-6-1954.

சிவகங்கையில் வக்கீல் தொழில் செய்துவருபவரும், என் மனைவி உமையாளின் மூத்த சகோதரருமான மைத்துனர் பால்சாமி அவர்களின் சமூகத்துக்கு, பூமிநாதன் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நேற்றுத்தான் கோர்ட்டிலிருந்து திரும்பியிருப்பதால் நிரூபிக்க முடியாத எதையும் எழுதக் கை தயங்குகிறது. நான் சுகம் என்பதற்கு நானே சாட்சி. உமையாள் சுகம் என்று அவள் சொல்லக் கேட்டதுதான். கேள்விச் சாட்சியம் செல்லாது என்பது தாங்கள் அறிந்ததே. தங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும்.

விஷயம் என்னவென்றால், நான் கூண்டில் நின்றேன். சாட்சிக் கூண்டில் அல்ல, மற்றதில். சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து, ஒருவர் குடையைக்கூட மாற்றி எடுக்காமல் பென்ஷன் வாங்கியவன், களவு அண்டா வைத்திருந்த குற்றத்துக்காக நின்றேன். அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை. ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் மன்னிக்கவும்.

மாசி மாதம் நான் தீர்வை விஷயமாக நம் கிராமத்துக்குப் போயிருந்தேன். அந்தச் சமயம் பக்கத்து வீட்டுச் சவேரியாரும் அவர் மனைவி செபஸ்தியம்மாளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வள்ளத்தில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளை அண்டாவைக் காணோம். அந்த அம்மாள் தெருவில் நின்று, எடுத்தவன் கை கருவாடாய்க் காய வேண்டும், எடுத்தவன் குலத்தில் அடுப்பே எரியக்கூடாது என்று ஒரு பகல் முழுவதும் சாபம் கொடுத்ததாகவும், அதுவும் போதாமல் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் நான் ஊர் வந்த அன்று கேள்விப்பட்டேன். மறுநாள் விடியற்காலை வழக்கம்போல் உலாவப் போனேன். தெருமுனையில் சிலுவை நட்ட சிறிய கோயில் ஒன்று உண்டு, குருசடி என்பார்கள். அதன் படியில் அந்த அண்டா இருந்தது. விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டாம். சாமானை எடுத்தவர் மனம் மாறினால் யாரும் பார்க்காத நேரத்தில் குருசடியில் வைத்துவிடுவார். உடையவர் வந்து எடுத்துக்கொள்வார். யார் வைத்தது என்று கேட்பதில்லை, கண்டவரும் சொல்வதில்லை. அத்தோடு தீர்ந்தது. மூச்சிரைப்புக்கு உப்புக் காற்று நல்லது என்று டாக்டர் சொல்லி இந்தத் தீவுக்குக் குடிவந்தவன் நான். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? களவுப் பொருளைக் கண்டால் போலீஸில் ஒப்படைக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். குடையை அண்டாவுக்குள் போட்டு, அண்டாவை இரு கையாலும் அணைத்துக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி நடந்தேன்.

டீக்கடை ஹமீது சுல்தான்தான் முதலில் பார்த்தார்.

"என்ன சார், அண்டாவும் கையுமா? எங்கன விருந்து?"

"குருசடியில் கிடந்தது. களவுப் பொருள். ஸ்டேஷனுக்குப் போகிறேன்."

அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். "சார், வந்த வழியே போயி, இருந்த எடத்துலயே வச்சிட்டு வாங்க. டீ நான் தாரேன், காசு வேணாம்."

"அது சட்டப்படி தவறு."

"சட்டம் பாலத்தத் தாண்டித்தான சார் வரணும்? மெதுவா வரட்டுமே. நீங்க ஏன் எதிர்கொண்டு போயி அழைக்கிறீக?"

இவருக்குப் பொதுக்காரியத்தில் அக்கறை போதாது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். ஸ்டேஷனில் ஏட்டு என்னை உட்காரச் சொல்லி, "எங்கன கிடந்துச்சு?" என்றார். குருசடி என்றதும் பேனாவை மூடினார். "அய்யா, நீங்க பாக்கலன்னு வச்சுக்குவோம். அங்கனயே வச்சிட்டுப் போங்க." நான் பார்த்தேனே என்றேன். "அதான் பாக்கலன்னு வச்சுக்குவோம்ங்கிறேன்" என்றார். ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் இப்படிச் சொல்லலாமா? என்னிடமிருந்து பெற்றுக்கொண்டதாக எழுதினாலொழிய எழுந்திருக்க மாட்டேன் என்று, என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பிடிவாதம் பிடித்தேன். பிடிக்காமல் இருந்திருக்கலாம். அவர் என்னைச் சற்று நேரம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு எழுதினார்.

புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் கேஸ் கட்டைப் பார்த்தார். களவு போன அண்டா பூமிநாதன் கையில் இருந்தது. குருசடியில் கிடந்தது என்று பூமிநாதனே சொல்கிறார். வேறு யார் சொல்கிறார்கள்? தெருவில் விசாரித்தார்கள். குருசடிக்கு நேர் எதிரே வாசல் வைத்திருக்கும் யாக்கோபு, "குருசடியா? நாங்க அந்தப் பக்கமே பாக்குறதில்லீங்களே" என்றான். தினமும் காலையில் அதைப் பார்த்துத்தான் சிலுவை போட்டுக்கொள்கிறான். ஹமீது சுல்தானுக்கு அன்று கடையே இல்லையாம். வழக்கத்தைக் காப்பாற்ற ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. அதனால் என் பேரில் வழக்கு எழுந்தது.

மதுரையிலிருந்து சாட்சியச் சட்டப் புத்தகம் தருவித்துப் படித்தேன். நூற்றுப் பதினாலாம் பிரிவின் முதல் உதாரணத்தைத் தாங்கள் மனப்பாடமாக அறிவீர்கள். களவு நடந்த சிறிது காலத்துக்குள் அந்தப் பொருள் ஒருவன் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவன் விளக்கம் சொல்ல முடியாவிட்டால், அவனே திருடன், அல்லது களவென்று தெரிந்து வாங்கியவன் என்று கோர்ட்டு ஊகிக்கலாம். படித்துவிட்டுப் புத்தகத்தை மார்பில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். நான் பிறப்பதற்கு முன்பே என்னை எதிர்பார்த்து எழுதி வைத்தது போல் இருந்தது. நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிவது எதற்கும் அங்கே இடமில்லை. பிறகு எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது.

எனக்கு ஜாமீன் நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்டாவைப் பறிகொடுத்த சவேரியார். வள்ளத்து ஆட்கள் சிரித்தபோது அவர், "ஏலே, என் அண்டா கேசுல நான் நிக்காம எவன்லே நிப்பான்? சார் உள்ள போயிட்டா என் பொஞ்சாதிக்குக் கடுதாசி எழுதிக் குடுக்க நீயா வருவ?" என்றார். பறிகொடுத்தவரே பறித்தவனுக்கு ஜாமீன் நிற்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று தேடினேன். கூடாது என்றும் எங்கும் இல்லை.

நேற்று ராமநாதபுரம் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, "குற்றம் செய்தீரா?" என்று கேட்டார். "கனம் கோர்ட்டார் அவர்களே, சில மாதமாக நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். வக்கீல் வைக்காதது பிசகு. மறுத்ததாகவே அவர் குறித்துக்கொண்டது என் அதிர்ஷ்டம். செபஸ்தியம்மாளைக் கூப்பிட்டார்கள். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு, மேஜை மேலிருந்த அண்டாவைச் சம்பந்தம் பேச வந்தவள் பெண்ணைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது உங்க அண்டாதானம்மா?" என்றார் சர்க்கார் தரப்புக்காரர்.

"இல்லீங்கய்யா."

"செபஸ்தியம்மாள்னு பேர் வெட்டியிருக்கு."

"எங்க தீவுல கண்ண மூடிக்கிட்டுக் கல்ல எறிஞ்சா ஒரு செபஸ்தியம்மா மேலதான் விழும்."

"பக்கத்துல சவேரியார்னும் இருக்கே."

"அவ புருசனும் சவேரியாராக்கும். நல்லா இருக்கட்டும் ரெண்டு பேரும்."

"அப்ப உங்க அண்டா எப்படி இருக்கும்?"

"இம்புட்டு அடிபுடிச்சு இருக்காதுங்கய்யா. நான் வெளக்குறவ."

கோர்ட்டு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இது களவுப் பொருள் என்பதற்கே சாட்சியம் இல்லை, எதிரியை விடுதலை செய்தாயிற்று, அண்டாவை யாரிடமிருந்து கைப்பற்றினார்களோ அவரிடமே கொடுக்கவும் என்று தீர்ப்பாயிற்று. அந்த அம்மாள் சொன்னது மெய்யல்ல என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் இருந்த சவேரியார், நடுக்கடலில் அடுத்த வள்ளத்தைக் கூப்பிடுவதுபோல் ஓர் இருமல் இருமினார். மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது ரயிலில் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செபஸ்தியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பாத்துப் புடிங்க சார், நெளிஞ்சிரும்."

"அம்மா, இது உங்களுடையது அல்ல என்று இப்போதுதானே சத்தியம் செய்தீர்கள்?"

"கோர்ட்டுல அல்ல. ரயில்ல ஆமா."

பாம்பனில் இறங்கியதும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மைத்துனர் அவர்களே, எனக்கு இரவு உறக்கம் இல்லை. பொய்ச் சாட்சியத்தால் நான் வெளியே நடமாடுகிறேன். உண்மையை எழுதிக் கோர்ட்டுக்கு மனுப் போடுவதே முறை என்று தோன்றுகிறது. போட்டால் பொய்ச் சாட்சி சொன்னதற்காக அந்த அம்மாளுக்குத் தண்டனைச் சட்டம் நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பிரிவின் கீழ் சிறை. எனக்குப் பழையபடி கூண்டு. போடாவிட்டால் மனச்சாட்சி இருக்கிறது, அதற்குக் குறுக்கு விசாரணையே கிடையாது. உண்மையும் வெளிவந்து, அவரும் உள்ளே போகாமல், கூடுமானால் நானும் போகாமல் இருக்கும்படி ஒரு மனு எழுதி மறு தபாலில் அனுப்ப வேண்டுகிறேன். உமையாளிடம் யோசனை கேட்டேன். இந்த விஷயத்தில் அவள் ஆரம்பத்திலிருந்தே ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்குச் சட்டத்தில் ஈடுபாடு இல்லை.

தங்கள் இல்லத்தில் சகல நன்மைகளும், சாட்சிகளின் தேவையே இல்லாமல் உண்டாகட்டும். குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
பூமிநாதன்.

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிவிட்டு, விட்டுப்போனது ஏதும் உண்டா என்று உமையாளுக்கு இதை வாசித்துக் காட்டினேன். மனு என்ற இடம் வந்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"இத அனுப்பாதீக. அந்த அண்டாவ எடுத்தது நாந்தான்."

நான் உட்கார்ந்தேன். நான் கிராமத்திலிருந்து அனுப்பிய நெல்லை அவிக்கப் பெரிய பாத்திரம் இல்லையாம். அவர்கள் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று வேலி தாண்டி எடுத்தாளாம். அடிபிடித்துவிட்டதாம். துலக்கிக் கொடுப்பதற்குள் அந்த அம்மாள் வந்து சாபம் கொடுக்க ஆரம்பித்துவிட்டதால், வாய் வராமல், இருட்டில் குருசடியில் வைத்தாளாம்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

நேர்மையாக யோசித்தேன். "ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன்."

"அதான்."

"செபஸ்தியம்மாளுக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும், உங்களத் தவுத்து. கோர்ட்டுல அவ சொன்னது பூராம் நாங்க ரெண்டு பேரும் கிணத்தடியில பேசி வச்சதுதான். அடிபுடிச்ச பேச்ச மட்டும் கழுத அவளாச் சேத்துக்கிட்டா."

புத்தகத்தை எடுத்தேன். களவு, பொய்ச் சாட்சியம், அதற்கு உடந்தை. எல்லாம் என் ஒரு சமையலறைக்குள். தங்கள் குடும்பத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். புரட்டிக்கொண்டே போனதில் நூற்றிருபத்திரண்டாம் பிரிவு வந்தது. மனைவி கணவனிடம் சொன்னதை அவள் சம்மதமில்லாமல் கணவன் வெளியிட அனுமதி இல்லை. உரக்கப் படித்தேன்.

"நல்ல புத்தகம்" என்றாள் உமையாள். "மூடி வைங்க."

ஆகவே மனு வேண்டாம். தபால்தலை வீணாகக்கூடாது என்பதால் கடிதத்தை அனுப்புகிறேன். தங்களிடம் சொல்வதும் வெளியிடுவதுதானோ என்று இந்த வரியை எழுதும்போது சந்தேகம் வந்துவிட்டது. உமையாளைச் சம்மதம் கேட்கத் தைரியம் இல்லை. தாங்கள் இதைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும்.