பல்லக்கு டிஃபென்ஸ்

கால்பந்து பார்க்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. வாயை மூடிக்கொண்டு பார்க்கிறவர்கள் ஒரு வகை. அப்படி ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. மற்ற எல்லோரும் என் வகை. யாரை எடுக்கலாம், யாரை வீட்டுக்கு அனுப்பலாம், கோச்சுக்கு மூளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையெல்லாம் சுண்டல் தின்றுகொண்டே சொல்லிவிடுவோம். எனக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல். அந்தக் கோச் ராத்திரி சாப்பிட என் வீட்டுக்குத்தான் வருவார். அவர் என் கணவர்.

செந்தில் பகலில் டிராக்டர் விற்பார். மாலையில் கொள்ளிடக்கரை கால்பந்துக் கழகத்தின் கோச். சம்பளம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு டிராக் சூட் கிடைக்கும், அதுவும் போன வருஷத்து அளவில். நான் கல்லூரிக் காலத்திலிருந்தே அந்தக் கிளப்பின் ரசிகை. அவரிடம் நான் பேசிய முதல் வாக்கியமே, "அந்த லெஃப்ட் விங்கை ஏன் சார் இன்னும் டீம்ல வச்சிருக்கீங்க?" என்பதுதான். அதற்கப்புறமும் வீட்டுக்கு வந்து பெண் கேட்டார். (தைரியசாலி. இன்றுவரை ஏனென்று கேட்டால் சிரித்து மழுப்புகிறார்.)

கல்யாணமான புதிதில் எங்கள் சாப்பாட்டு மேசை ஒரு போர்க்களம். ரசக் கரண்டி ஸ்ட்ரைக்கர், அப்பளம் கோல் போஸ்ட், ஊறுகாய் பாட்டில் எங்கள் கோல்கீப்பர் ஜான்சன். கரண்டியை அங்கும் இங்கும் நகர்த்தி, போன ஞாயிற்றுக்கிழமை இவர் செய்த தவறுகளை வரிசையாக விளக்குவேன். என் மாமியார் சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்: "சாப்பிடறப்பவாச்சும் அவனை விடும்மா. எளைச்சுப் போயிட்டான்."

நான் விடவில்லை. காரணம் இருந்தது. எங்கள் பின்வரிசை ஆட்டக்காரர்கள் நாலு பேரையும் செந்தில் ஒரே குடும்பத்திலிருந்து எடுத்திருந்தார். சமயபுரத்தில் பூக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள் மூன்று பேர், சித்தப்பா பையன் ஒருவன்.

"ஒரே வீட்டுப் பசங்கன்னா ஒருத்தனுக்கொருத்தன் புரிஞ்சு ஆடுவான்" என்றார்.

"ஒரு காதுகுத்து வந்தா உங்க டிஃபென்ஸே போயிடும், பாத்துக்குங்க" என்றேன்.

வந்தது. அந்த சீசனின் கடைசி மேட்ச் அன்றைக்கு, அந்தக் குடும்பத்து முதல் பேரக்குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் இல்லாமல் காது குத்த முடியாது. தாய்மாமன்கள்தான் எங்கள் டிஃபென்ஸ்.

சாதாரண மேட்ச்சாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். நாங்கள் அட்டவணையின் அடியில் கிடந்தோம். உறையூர் அணியோடு டிரா செய்தால் முதல் டிவிஷனில் தொங்கிக்கொண்டிருக்கலாம். தோற்றால் இரண்டாம் டிவிஷன். கிளப் தலைவர் மன்னார்புரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். நட்டு போல்ட்டை எண்ணுகிற குரலில் செந்திலிடம் சொல்லிவிட்டார்: "டீம் கீழ போச்சுன்னா கோச்சையும் மாத்திடுவோம் தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க."

செந்தில் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்கு அது தாங்கவில்லை. நான் ஆயிரம் திட்டலாம். பையன்களின் ஜெர்சியை இவரே துவைத்து மொட்டைமாடியில் காயப்போடுகிற ஆள். அந்த மைதானத்தை இவரிடமிருந்து பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது டிராக்டர்தான்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவில் உள்ள சின்னப் பெருமாள் கோயிலில் அன்று புறப்பாடு. பல்லக்கைச் சுமந்து வந்தவர்களில் முன்னால் நின்றது என் பெரியப்பா மகன் பார்த்தசாரதி அண்ணா. பகலில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மீசை முளைத்த நாளிலிருந்து அவரும் அவருடைய மூன்று நண்பர்களும்தான் அந்தப் பெருமாளுக்குத் தோள் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே நாலு பேர் கொள்ளிட மணலில் பந்தும் உதைப்பார்கள்.

தெருமுனையில் பல்லக்கு திரும்பியது. அண்ணா லேசாக ஒரு செருமல் செருமினார். எட்டுக் கால்களும் ஒரே நேரத்தில் நின்றன, ஒரே நேரத்தில் திரும்பின, ஒரே நேரத்தில் நடந்தன. பெருமாள் கழுத்து மாலையில் ஒரு இதழ்கூட அசையவில்லை. எல்லோரும் பெருமாளைச் சேவித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். (பெருமாள் அதைக் கவனித்திருக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது.)

கால்பந்தில் ஆஃப்சைடு பொறி என்று ஒன்று உண்டு. எதிராளிக்குப் பந்து போகிற நொடியில் நம் பின்வரிசை நாலு பேரும் ஒன்றாக ஓரடி முன்னே வந்துவிட்டால், அவன் ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வான்; லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினால் அவன் ஓட்டம் செல்லாது. நாலு பேரில் ஒருவன் தூங்கினாலும் கோல். உலகத்தில் பெரிய பெரிய கோச்செல்லாம் இந்த ஓரடிக்காகத்தான் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். எங்கள் தெருவில் அதை ஒரு செருமலில் செய்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?" என்றேன், அவர் தோளிலிருந்து தண்டு இறங்கியதும்.

"ஏன், பாலிசி போடப் போறியா?"

"மேட்ச் ஆடணும்."

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மற்ற மூன்று பேரையும் பார்த்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். எனக்குப் புல்லரித்தது.

செந்தில் முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வேறு கதியில்லாததால், கொள்ளிட மணலுக்கு வந்தார். எங்கள் ஸ்ட்ரைக்கர்களை அவர்களுக்கு எதிராக ஓடவிட்டார். பந்து வரும்போதெல்லாம் அண்ணா செருமினார். நாலு பேரும் ஓரடி முன்னே வந்தார்கள். எங்கள் ஸ்ட்ரைக்கர்கள் ஒவ்வொரு முறையும் அசடு வழிய ஆஃப்சைடில் நின்றார்கள். செந்தில் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கோதை, இத்தனை நாளா இவங்களை எங்க வச்சிருந்த?"

"நீங்க என்னைக்கு நான் சொல்றதைக் கேட்டிருக்கீங்க?" என்றேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் என் நடையே மாறிவிட்டது. மாமியாருக்கே காபி போடும்போது வியூகம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். முதல் பாதி, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு காவியம். உறையூர்க்காரர்கள் ஓடினார்கள், கொடி உயர்ந்தது. மறுபடி ஓடினார்கள், மறுபடி கொடி உயர்ந்தது. லைன்ஸ்மேனுக்குக் கை வலித்திருக்கும். இதற்கிடையில் நாங்கள் ஒரு கோல் வேறு போட்டுவிட்டோம். இடைவேளையில் தலைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்த நாலு பேரும் என் செலக்‌ஷன்தாங்க" என்றேன். அவர் தலையாட்டினார். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை சொன்னேன். மோர் குடிக்கும்போதும் சொன்னேன்.

மைதானத்தை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம் இருப்பது எனக்குத் தெரியும். திருச்சியில் எதை ஒட்டித்தான் கல்யாண மண்டபம் இல்லை? இரண்டாம் பாதி நடக்கும்போது மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் வந்தது. நாதஸ்வரத்தில் சினிமாப் பாட்டு. அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் மண்டபத்து வாசலுக்கு எதிரே ஒரு கோயில் இருந்தது. அதைக் கண்டதும் நாதஸ்வரக்காரருக்கு பக்தி வந்துவிட்டது. சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு மல்லாரியை எடுத்தார்.

மல்லாரி என்பது சுவாமி புறப்படும்போது வாசிப்பது. எங்கள் பின்வரிசைக்கு அதை இருபது வருஷமாகத் தெரியும். அவர்களுடைய மூளைக்குத் தெரிந்ததைவிடக் கால்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் அண்ணாவின் தோள் சற்றே இறங்கியது. பிறகு மற்ற மூன்று தோள்களும் இறங்கின. ஓட்டம் நடையானது. நடை, இடமும் வலமுமாக ஆடி அசைகிற புறப்பாட்டு நடையானது. நாலு பேரும் முகத்தில் ஒரு சாந்தத்தோடு, தவிலுக்குச் சரியாக, சென்டர் லைனை நோக்கி எழுந்தருளத் தொடங்கினார்கள். உறையூர் ஸ்ட்ரைக்கர் அவர்களுக்கு நடுவில் பந்தை உருட்டிக்கொண்டு போய், ஜான்சனையும் தாண்டி உள்ளே தட்டினான். ஒன்றுக்கு ஒன்று.

"ஓடுங்கண்ணா! ஓடுங்க!" என்று கத்தினேன். தவில் என் குரலை விழுங்கியது.

டிராவே போதும், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று செந்தில் விரலால் சைகை செய்துகொண்டிருந்தார். அப்போதுதான் நாலு பேரில் பருமனான ரகுவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மைதானத்தின் நடுவில் அப்படியே சாய்ந்தார். பந்து வேறு பக்கம் இருந்ததால் நடுவர் விசில் ஊதவில்லை. மற்ற எந்த டீமாக இருந்தாலும் ஒருவன் ஓடிப்போய்க் காலை நீவிவிட்டிருப்பான், இரண்டு பேர் கோல் பக்கம் நின்றிருப்பார்கள்.

எங்கள் ஆட்கள் மூன்று பேரும் குனிந்தார்கள். அண்ணா செருமினார். ரகு தோளுக்கு ஏறினார்.

மல்லாரி உச்சத்தில் இருந்தது. மூன்று பேர் தோளில் ரகு ஒயிலாகச் சாய்ந்திருக்க, ஊர்வலம் மைதானத்தைக் குறுக்காகக் கடந்தது. உறையூர்க்காரர்களில் இரண்டு பேர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். மூன்றாமவன் ஒதுங்கவில்லை. அவன் பந்தோடு எங்கள் கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"அண்ணே, எறக்குங்கண்ணே! பால் வருது!" என்று ஜான்சன் அலறினான்.

பார்த்தசாரதி அண்ணா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிதானமாகச் சொன்னார்: "பாதி வழியில எறக்கக்கூடாது தம்பி."

கோல். அதைத் தொடர்ந்து விசில். இரண்டாம் டிவிஷன்.

இதில் என்னை இன்றைக்கும் கூசவைக்கிற விஷயம் அந்தக் கோல் இல்லை. ஊர்வலம் எல்லைக்கோட்டைத் தாண்டி என்னைக் கடந்து போனபோது, ஸ்ரீரங்கத்தில் பிறந்த என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே உயர்ந்து கூப்பிக்கொண்டன. வேலிக்கு அந்தப் பக்கம் கல்யாண வீட்டு அம்மா ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தலைவர் அந்த அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேட்ச் முடிந்ததும் செந்திலைக் கூப்பிட்டார். "யாரு தம்பி இந்த நாலு பேரைக் கொண்டாந்தது?"

"நான்தாங்க தலைவரே. என் முடிவுதான்" என்றார் செந்தில். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

அவரைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்த ஆள்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறதென்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. "இல்லைங்க தலைவரே, நான்தான் சொன்னேன். அவர்மேல தப்பில்லை" என்றேன்.

"தெரியும்மா" என்றார் தலைவர். "ஆஃப் டைம்ல மோர் குடிக்க விடாம நீங்களே சொல்லிட்டுத்தானே இருந்தீங்க."

அந்த வாரம் கிளப் கமிட்டி கூடியது. செந்திலை மாற்றுவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. நான் வீட்டில் ஊறுகாய் பாட்டிலை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்குமேல் வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"ஆளாளுக்குப் பேசினாங்க. கடைசில தலைவர் எழுந்து, 'பாதி வழியில எறக்கக்கூடாதுன்னு அன்னைக்கே ஒருத்தர் சொல்லிட்டாரு, மேல கொண்டுவந்துட்டு எறக்குவோம்'னாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்படியே முடிஞ்சிருச்சு." செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "ஆனா ஒரு கண்டிஷன் போட்டிருக்காரு. உன்னைக் கமிட்டில போடணுமாம்."

கௌரவம் என்று நினைத்துத்தான் போனேன். முதல் கூட்டத்தில் கோடு போடுகிற சுண்ணாம்புப் பவுடரை எந்தக் கடையில் வாங்குவது என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். இரண்டாவது கூட்டத்தில், முதல் கூட்டத்தில் வாங்க முடிவெடுத்த பவுடர் ஏன் பறக்கிறது என்று பேசினார்கள். வெளியே நின்று கத்துகிறவளை அடக்க உள்ளே உட்காரவைப்பதே வழி என்று தலைவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஹார்டுவேர் கடைக்காரருக்கு எந்த ஓட்டைக்கு எந்த ஆணி என்று தெரியாமலா இருக்கும்?

அடுத்த வருஷமே நாங்கள் மேலே வந்துவிட்டோம். சமயபுரத்துக்காரர்கள் இரண்டு பேர் இன்னும் ஆடுகிறார்கள். மற்ற இரண்டு இடத்துக்கும் செந்தில் வேறு வேறு வீடுகளிலிருந்து ஆள் எடுத்தார். இன்றும் புதிதாக யார் வந்தாலும் இரண்டு கேள்விகள் கேட்கிறார். வீட்டில் காதுகுத்து ஏதும் நிற்கிறதா? நாதஸ்வரம் கேட்டால் உடம்புக்கு என்ன செய்கிறது? பையன்கள் குழம்பிப்போய்ப் பதில் சொல்கிறார்கள். பார்த்தசாரதி அண்ணாவோ அந்த மேட்ச்சைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், "ரகு ஒரு குலுக்கல்கூட இல்லாம போய்ச் சேந்தான், கேட்டுப் பாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

போன வாரம் புதிதாக ஒரு ஸ்ட்ரைக்கரை எடுத்திருக்கிறார் செந்தில். இடது கால் என்ற ஒன்று இருப்பதே அந்தப் பையனுக்குத் தெரியாது. ராத்திரி சாப்பாட்டில் ரசக் கரண்டியை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஊறுகாய் பாட்டிலை நகர்த்துவதற்குள் மாமியார் தட்டில் விரலால் மல்லாரி தட்ட ஆரம்பித்துவிட்டார். இது பல வருஷமாக நடக்கிற கூத்து. எங்கள் மகள் தோளை இறக்கி, இடமும் வலமும் ஆடிக்கொண்டே மேசையைச் சுற்றி வந்தாள்.

"சரி, நான் ஒண்ணும் சொல்லலை" என்று கரண்டியைக் கீழே வைக்கப் போனேன்.

செந்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டு, சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லி முடி கோதை. பாதி வழியில எறக்கக்கூடாது."