தையில் அளந்த கம்பி

வில் நகரம், சுவிஸ்,
புதன்கிழமை

ஃப்ரிபூர்க்கில் இருக்கும் அன்புத் தங்கச்சி மனோகரிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள். எழுபத்து மூன்று வயதில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து முதலாம் வகுப்பு வாங்கில் குந்தியிருந்து பழகிய எழுத்து இது. ஒரு வரி முடிய ஒரு தேத்தண்ணி முடிகிறது. ஆனாலும் என் கையால் எழுதும் முதல் கடிதம் உனக்குத்தான் என்பதில் எனக்குப் பெரிய புளுகம், சந்தோசம். நீயும் மச்சான் இரவீந்திரனும் சுகமாயிருக்க அம்பாள் துணை. களைப்பைத் தவிர எனக்கும் சுகம்தான். போனில் சொல்லலாம், ஆனால் போனில் நீ கத்துவாய்.

விசயம் எங்கள் கோயில் தேர். கோயில் வாசலில் றோட்டுக்குக் குறுக்கே மின்சாரக் கம்பி போவது உனக்குத் தெரியும். தேர் செய்யமுதல் அதன் உயரத்தை அளக்கும் பொறுப்பை நிர்வாகம் என்னிடம் தந்தது; வேலைக்குப் போகாதவன் நான் ஒருவன்தானே. தை மாதம், உறைபனிக்குள் நின்று, கட்டட வேலைக்காரரின் லேசர் கருவியால் அளந்தேன். கம்பி தம்புராத் தந்தி மாதிரி விறைப்பாக நின்றது. எட்டரை மீற்றர். கம்பிக்கும் தேருக்கும் நடுவில் மூன்று மீற்றர் விடவேண்டும் என்றார்கள் மின்சாரக்காரர். மிச்சம் ஐந்தரை. தச்சரும் உச்சியில் வரும் உன் கலசத்தோடு சேர்த்து ஐந்தரைக்கே செய்தார், ஒரு விரல்கூடக் கூடாமல். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நேற்று முப்பத்தைந்து பாகை வெயில். அனுமதி தர வந்த சுவிஸ்காரர் அளந்தார், தலையை ஆட்டினார். கம்பி தையிலை இருந்ததை விட ஒரு மீற்றருக்கும் கூடத் தொய்ஞ்சு தொங்குது! ஆரோ அவிட்டு விட்டிட்டாங்கள் எண்டு நினைச்சன். அவர் சொல்லச் சொல்ல எங்கட தலைவர் இராஜேந்திரன் தமிழிலை சொன்னார்.

"வெயிலிலை கம்பி நீளுமாம் அண்ணை. சனமெல்லாம் காத்தாடி போட, கரண்ட் கூட ஓடிச் சுட்டு இன்னும் தொய்யுமாம்."

"அப்ப இழுத்துக் கட்டச் சொல்லும்."

"இப்ப இழுத்துக் கட்டினா, குளிருக்கை சுருங்கிக் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு அறுமாம். அதுக்குத்தான் தொய்வு விட்டுக் கட்டுறதாம்."

நான் வாயை மூடியிருக்கலாம். "அளந்த அண்டைக்குச் சரியாத்தானே இருந்தது" எண்டு சொல்லிப்போட்டன்.

"ஓம் அண்ணை, அப்ப தேரைத் தையிலை விடுவம். அம்பாளுக்கு ஜக்கெட்டும் பனிச்சப்பாத்தும் நீங்கள் வாங்கிப் போடுங்கோ."

சனம் சிரிச்ச சிரிப்பு! இண்டைக்குப் பேக்கரியிலை பாண் வாங்கப் போனாலும், "அண்ணை, பாண் குளிரிலை அளந்ததோ?" எண்டு கேக்கிறாங்கள். எனக்கு அலுத்துப்போச்சு பிள்ளை.

இப்போது அந்த உயரத்தைக் குறைக்க ஒரே வழி, கலசத்தை அதைத் தாங்கும் கழுத்துக் கட்டையோடு கழற்றுவதுதான். இல்லையென்றால் வருகிற ஞாயிறு தேர் இல்லை. ஆனால் அது மச்சான் நெஞ்சு ஒப்பரேசனில் தப்பியதற்கு நீ நேர்ந்து வைத்த கலசம். உன்னைக் கேளாமல் ஒருவரும் அதில் கைவைக்க நான் விடமாட்டேன். ஆறுதலாக யோசித்து, மனமிருந்தால் மட்டும் சம்மதம் சொல்லு.

உங்கள் இருவருக்கும் அம்பாள் நீண்ட ஆயுளைத் தரட்டும். அடுத்த கிழமையும் எழுதுவேன். எழுத்து நிமிர்ந்துவிட்டதா என்று நீ பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன அண்ணன்
வரதராசா

பி.கு: கலசத்தை இண்டைக்குக் காலமையே கழற்றியாச்சு. ஏணியைப் பிடிச்சவன் நான்தான். கோவிக்காதை. தேருக்கு முன்னாலை மச்சானே அதைத் தூக்கிக்கொண்டு நடக்கட்டும். ஐஞ்சு கிலோவுக்கு மேலை தூக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. கலசம் நாலரைதான். வெயிலிலை ஒருக்கா, நிழலிலை ஒருக்கா வைச்சு நிறுத்துப் பாத்தனான்.