ஐந்நூறு மைல் நான் பழக்கிய கார்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அந்த ஒரு மாதம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

வெள்ளைக்காரன் காலம். சித்தூரில் மாங்காய் மண்டி வைத்து கொஞ்சம் தலை நிமிர்ந்திருந்தேன். சீமையிலிருந்து புது மாதிரி மோட்டார் கார் வருகிறது, ராஜதானி முழுக்க ஆறே ஆறு, நம் ஜில்லாவுக்கு ஒன்று என்றார் ஏஜெண்ட். அவர் நோட்டில் முதல் பேர் என்னுடையது. மறுநாளே திருப்பதிக்கு ஓடி, எனக்குப் பெண் கொடுக்கவிருந்த மிஷன் பள்ளி வாத்தியாரிடம், "கார் வாங்கிட்டேன் மாமா" என்றேன். (வாங்கப் போகிறேன் என்று சொல்ல நாக்கு இடம் கொடுக்கவில்லை.) வயதைக் குறைத்துச் சொன்ன ஒரு மாப்பிள்ளையை ஏற்கெனவே திருப்பி அனுப்பியவர் அவர்.

கார் வந்தது. ஏஜெண்ட் சாவியைக் கொடுத்து, "புது இஞ்சின். ஐந்நூறு மைல் மெள்ள ஓட்டிப் பழக்கணும். முதல் பேர் உங்களுது, நீங்களே ஓட்டிக்கினு இருங்க. முடிஞ்சதும் திருப்பதி மலையடிவாரம், அலிபிரிக்கு வாங்க, காகிதமெல்லாம் அங்க பாத்துக்கலாம்" என்றார். (பணமே கேட்காதது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.) என் பெட்ரோலில், மாட்டு வண்டிகள் முந்திக்கொண்டு போக, நாகலாபுரம் வரை ஊர்ந்து வந்தேன்.

அதற்குள் சபையில் இரண்டு ஞாயிறு எங்கள் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. தடை சொல்ல யாராவது உண்டா என்று மூன்று ஞாயிறு கேட்பது எங்கள் வழக்கம். மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள், மாமாவைப் பின் சீட்டில் வைத்து அலிபிரி போனேன்.

ஏஜெண்ட் மீட்டரைக் குனிந்து பார்த்தார். "ஐந்நூத்து மூணு. நல்லா பழக்கியிருக்கீங்க. இறங்குங்க, துரை மலையிறங்கி வந்துட்டாரு."

துரை என்றது, பக்கத்தில் மலையில் முடி கொடுத்த மொட்டைத் தலையுடன் நின்ற ஒரு ஜமீன்தாரை.

"இன்னாது, இறங்குறதா? நோட்டுல முதல் பேர் என்னுதுதானே?"

"யாரு இல்லன்னது? நோட்டு, காத்துக்கினு இருக்கிறவங்களுக்கு. துரை எப்ப காத்துக்கினு இருந்தாரு?"

கார் கப்பல் ஏறுமுன்பே அவருடையதாம். விலை போகாத இரண்டு பழைய மாதிரிகளை ஏஜெண்டிடம் வாங்கிக் கொட்டகையில் போட்டாராம், அடுத்த புது வண்டி தனக்கே என்ற பேச்சில். பிறகு எதற்கையா நோட்டு? எதற்கு என் பேர்? ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க ஒரு வாய் வேண்டும், சம்பளமில்லாமல் இஞ்சினைப் பழக்க ஒரு ஆள் வேண்டும். இரண்டுக்கும் நான் அகப்பட்டேன். போதாததற்கு அந்த மொட்டை, "டிரைவர் பரவாயில்லை, வைத்துக்கொள்ளலாமே" என்று தெலுங்கில் சிபாரிசு வேறு. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பஸ்ஸில் மாமா ஒரே வார்த்தைதான் பேசினார்: "வாங்கிட்டேன்னு சொன்னீங்க."

மறுநாள் ஐயர் (எங்கள் சபையில் பாதிரியார் ஐயர்தான்) ஓலை வாசித்து, தடை உண்டா என்றார். மாமா எழுந்தார்.

"தடை இல்லீங்க ஐயரே. ஒரு சந்தேகம். ஓலையில பேர் இருக்கிறவர்தான் மாப்பிள்ளையா, இல்ல வெளிய எந்த ஜமீன்தாராவது நிக்கிறாரா?"

பெண்கள் வரிசையில் முதலில் சிரித்தவள் என் மணப்பெண்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்கு ஓலை வாசித்தாலும், "வெளிய ஜமீன்தார் நிக்கிறாரா பாருங்கப்பா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். எத்தனையோ ஐயர்கள் மாறிவிட்டார்கள். வருகிறவர் ஒவ்வொருவரும் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே வாசிக்கிறார்.