மெல்லிய தம்பி ஒன்று

இரண்டாம் வகுப்பு டீச்சர் அந்த வாரத்து வகுப்புச் செய்தியைப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பிவிட்டுப் போனைக் கீழே வைப்பதற்குள் அது 'டிங்' என்றது.

"டீச்சர், எங்க வீட்ல தம்பி இல்ல. பக்கத்து வீட்டுப் பையன் பரவாயில்லையா?" என்று ஓர் அம்மா கேட்டிருந்தார்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வாராவாரம் எழுதுகிறார். கழித்தல் கணக்கு எதுவரை வந்தது, யாருக்குப் பல் விழுந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதுவார். இதுவரை ஒருவர்கூட வாயைத் திறந்ததில்லை. தான் அனுப்பியதையே எடுத்துப் படித்தார்.

'திங்கட்கிழமை கைவேலை வகுப்பு. கையால் வளைக்கும்படி மெல்லிய தம்பி ஒன்று கொடுத்தனுப்பவும். துருப்பிடித்தது வேண்டாம்.'

"ஐயையோ! கம்பி, கம்பி!"

அவசரமாகத் தட்டினார்: 'மன்னிக்கவும். தம்பி என்று வந்தது தவறு.'

"இப்ப சொன்னா எப்படி டீச்சர்? அவன் வந்து ரெண்டு வருஷம் ஆச்சே!" என்றார் ஓர் அப்பா.

"எங்களுக்குப் பிறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் டைம் தருவீங்களா?" என்றார் இன்னோர் அம்மா.

எட்டிப் பார்த்த கணவர், "எழுதினாத்தானே வம்பு? படம் வரைஞ்சு அனுப்பிடேன்" என்றார்.

டீச்சர் ஒரு கம்பிச் சுருளை வரைந்து அனுப்பினார்.

"புரிஞ்சுது டீச்சர். சுருட்டை முடித் தம்பிதானே? அனுப்பிடறோம்!"

"இனிமே யோசனை சொல்ல வாயைத் திறந்தீங்க..." என்று கணவரை முறைத்தார். கடைசியாக, 'யாரும் எதையும் கொண்டுவர வேண்டாம்' என்று எழுதிப் பார்த்தார்.

"எங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல டீச்சர்" என்று பதில் வந்தது. அதன் கீழே வரிசையாகக் கும்பிடு.

திங்கட்கிழமை காலையில் வகுப்பறை வாசலில் தம்பிகள் குவிந்துவிட்டார்கள். நடந்து வந்தவன், இடுப்பில் வந்தவன், அழுதுகொண்டே இழுபட்டு வந்தவன் என்று எல்லா அளவிலும் இருந்தார்கள். பெற்றோர் ஆளுக்கொரு தம்பியை இறக்கிவிட்டு, "ரொம்ப நன்றி டீச்சர்", "நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டமும் நடையுமாக மறைந்தார்கள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். "கைவேலை வகுப்புன்னீங்க. இது கைக்குழந்தை வகுப்பால்ல இருக்கு?"

"தப்பு என்னோடதுதான் மேடம்" என்றார் டீச்சர். வேலை போகப்போகிறது என்றே நினைத்தார்.

அதற்குள் ஒருவன் தலைமையாசிரியையின் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டான். அவர் அவனைத் தூக்கினார். அப்புறம் இறக்கிவிட அவருக்கு மனசே வரவில்லை.

வேறு வழியில்லாமல், டீச்சர் தம்பிகளைச் சுவரோரம் நிறுத்தி, யார் யாரைவிட எவ்வளவு உயரம் என்று வகுப்புப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொன்னார். ஒரு மாதமாக ஏறாத கழித்தல் ஒரே காலையில் ஏறிவிட்டது. எப்போதும் சண்டை போடுகிறவர்கள்கூடத் தம்பிகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டார்கள்.

மாலையில் பெற்றோரைப் பார்த்ததும் டீச்சர் கைகூப்பினார். யாருமே படிப்பதில்லை என்றல்லவா நினைத்திருந்தார்! இவர்களோ, தப்பாக வந்த வார்த்தையைக்கூடத் தட்டாமல் செய்திருக்கிறார்கள்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றார். "ஆனா நான் கேட்டது தம்பி இல்லைங்க, கம்பி. நாளைக்கு மறக்காம..."

நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு நின்ற ஓர் அம்மா சின்னவனை இடுப்பில் வாங்கிக்கொண்டு சொன்னார்:

"கம்பிதானே டீச்சர்? அது காலையிலேர்ந்து எல்லாப் பிள்ளைங்க பைக்குள்ளயும் இருக்கே!"