மூச்சு விடாத தலையணை

அந்த மெஷினை மூஞ்சியில் மாட்டிக்கொண்டு தூங்குவதில்லை என்று சபதம் செய்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டுச் செய்தால் மனைவிக்குக் கேட்டுவிடும்.

நான் சலூன்காரன். தூக்கத்தில் எனக்கு அடிக்கடி மூச்சு நின்றுபோகிறதாம். அதனால்தான் பகலில் சொக்குகிறேனாம். மச்சினனுக்கு மீசை ஒதுக்கும்போது கொஞ்சம் கண் அசந்தேன். பாதி மீசை போய்விட்டது. அந்த முகத்துக்கு மீதிப் பாதியே அதிகம். இருந்தாலும் தம்பி மீசைக்காக அக்கா பொங்கி எழுந்து, என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

அவர் கொடுத்தது காற்று ஊதும் ஒரு பெட்டி, ஒரு குழாய், ஒரு மூக்கு மூடி. மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். தும்பிக்கை முளைத்த திருடன் நின்றான்.

"இதைப் பத்தி வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"நீங்க உள்ள ஒழுங்கா மூச்சு விடுங்க, போதும்."

அவள் தூங்கியதும் மூடியைத் தலையணைக்கு மாட்டினேன். மெஷினை ஓடவிட்டு, கூடத்து சோபாவில் போய்ச் சுருண்டேன். விடிவதற்குள் திரும்பி வந்து மூடியை மாட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாகக் கிடந்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யார் மெச்சப் போகிறார்கள்?

சில நாள் கழித்து, காப்பியோடு வந்தவள் முகம் வாடியிருந்தது.

"மெஷின்ல பதிவானதை டாக்டர் பாத்தாராம். ராத்திரி பூரா நீங்க ஒரு மூச்சுகூட விடலையாம்."

"அதனால?"

"மெஷின் உங்களுக்குச் சரிப்படாதாம். தொண்டைக்குள்ள கத்தி வச்சுதான் வழி பண்ணணுமாம்."

நாளெல்லாம் அடுத்தவன் தொண்டையில் கத்தி வைப்பவன் நான். எனக்கும் ஒரு தொண்டை இருப்பது அப்போதுதான் உறைத்தது.

"இன்னும் ஒரு நாள் மெஷினைப் போட்டுப் பாக்கலாமே," என்றேன்.

"உங்க இஷ்டம்."

அன்று ராத்திரி சாப்பிட்ட கையோடு மூடியை மாட்டிக்கொண்டேன். பட்டையை அவளே இறுக்கினாள்.

காலையில் தலை பஞ்சு மாதிரி இருந்தது. தூங்கி எழுந்தால் இப்படித்தான் இருக்குமா? யாரும் எனக்குச் சொல்லவில்லையே. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா?

"மட்டமான மெஷின்தான். ஏதோ பரவாயில்ல. டாக்டர்கிட்ட ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடு."

போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"டாக்டர் ஊர்லயே இல்லீங்க. கூடத்துலேர்ந்து குறட்டை வந்துச்சு, ஆபரேஷனை நானே பண்ணிட்டேன்."