மூன்று கட்டத்தில் ஒரு வீரன்

கோபம் வந்தால் நான் பொல்லாதவன். அதை வரவழைத்தவர் மேல்மாடி வீட்டு அம்மா. ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் என்னை மடக்கினார்.

"பேப்பர்ல தினம் மூணு கட்டத்துல ஒரு அசட்டுப் புருஷன் வர்றானே, அது நீங்கதானாமே! உங்க வீட்டம்மா சொன்னாங்க. மூக்கைப் பாத்து நான்கூட சந்தேகப்பட்டேன்."

பதினோரு வருஷமாக அந்த நகைச்சுவைப் படத்தைத் தினமும் வரைகிறவன் நான். அந்த அசடு என் கற்பனை. கற்பனைக்கு என் மூக்கு எப்படி வந்தது என்பது வேறு விஷயம். என்னைக் கட்டிக்கொண்டவளே இப்படி ஊருக்குப் பறைசாற்றலாமா?

படியிலேயே முடிவு செய்தேன். இந்த வாரம் முழுக்க அந்தப் புருஷன் ஜெயிப்பான். பொண்டாட்டி நடுங்குவாள். வீட்டில்தான் வாய் திறக்க முடியவில்லை, காகிதத்திலாவது எனக்கு மானம் வேண்டும்.

எங்கள் வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து எனக்கே புரியாது. ஆகவே படத்தை முடித்து, பேச்சுக் குமிழ்களைக் காலியாக விட்டு, வசனத்தைத் துண்டுச் சீட்டில் கிறுக்கித் தருவேன். மனைவி அதை முத்து முத்தாகக் குமிழுக்குள் எழுதி, நாலு மணிக்குள் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவாள். அச்சில் வந்ததை நான் பார்ப்பதே இல்லை. பார்த்தால் ஏதாவது ஒரு கோடு கோணலாகத் தெரியும், அன்றைய வேலை கெட்டுவிடும்.

திங்களன்று வரைந்தேன். கணவன் தரையைக் காட்டிக் கத்துகிறான், "இது வீடா, குப்பைத் தொட்டியா?" மனைவி துடைப்பத்தோடு குனிந்து, "மன்னிச்சிடுங்க!" செவ்வாயன்று அவள் அவன் காலடியில் விழுந்து கிடக்கிறாள். புதனன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க அறிவுக்கு முன்னால நான் எம்மாத்திரம்!" என்கிறாள். கோபத்தில் நான் அழுத்திய அழுத்தில் இரண்டு பேனா முனைகள் உடைந்தன.

அவள் சீட்டை வாங்கிப் படித்தாள்.

"என்ன, கோவம் வருதா?" என்றேன் ஆசையோடு.

"எதுக்குங்க? படம் நல்லா வந்திருக்கு."

அதுவும் எனக்குக் கோபம். பழிவாங்கப்படுகிறவர் கொஞ்சமாவது ஒத்துழைக்க வேண்டாமா?

வியாழன் காலை முடிவெட்டப் போனேன். கடைக்காரர் பாதித் தலையில் கத்தரியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"சார், இந்த வாரம் மாதிரி நீங்க போட்டதே இல்ல!" என்று மூன்று நாள் பேப்பரை என் மடியில் வைத்தார்.

படித்தேன். என் வீரன் தரையைக் காட்டிக் கத்துகிறான், "ஐயோ, கரப்பான் பூச்சி!" துடைப்பத்தோடு மனைவி, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்." அடுத்த நாள் காலடியில் கிடந்தவள் சொல்கிறாள், "காலைத் தூக்குங்க. ஷூவை இடம் வலம் மாத்திப் போட்டிருக்கீங்க." மூன்றாம் நாள் கண்ணைத் துடைக்கிறவள், "அறிவாளியா, நீங்களா? இன்னொரு தடவை சொல்லுங்க, சிரிச்சு முடிச்சுக்கறேன்."

பாதித் தலையோடு வீட்டுக்கு ஓடினேன்.

"யாரைக் கேட்டு மாத்தினே?"

"கத்தாதீங்க. தலைக்கு என்ன ஆச்சு?"

"தலையை விடு! என் வசனம் எங்கே?"

"அதுல சிரிப்பே இல்லீங்க. திட்டு மட்டும்தான் இருந்துச்சு. சிரிப்புப் படம்னு சொல்லித்தானே போடறாங்க?"

"இந்த வாரம் மட்டும்தான் மாத்தினியா?"

அவள் பேனாவைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள். பதினோரு வருஷம்!

"இனிமே என் படத்துல உன் கை படக்கூடாது. வசனம் நானே எழுதுவேன்!"

"சரிங்க."

எழுதினேன். நாலு சொல் குமிழைத் தாண்டிப் படத்திலிருந்த மனைவியின் நெற்றியில் ஏறின. நானே அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். கையெல்லாம் மை என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன சார் அனுப்பியிருக்கீங்க? படிக்கவும் முடியல, படிச்சா சிரிக்கவும் முடியல. வழக்கமா எழுதறவங்க எங்கே?"

"வழக்கமா எழுதறதும் நான்தான்!"

"அப்போ செவ்வாய்க்கிழமை வந்த கரப்பான் பூச்சியும் நீங்க எழுதினதா?"

ஆமாம் என்றால் அந்த அசடு நான்தான் என்றாகும். இல்லை என்றால் வசனம் அவளுடையது. நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் போன் அருகில் வந்தாள்.

"சார், அது நான் எழுதினது."

"அம்மா, நீங்கதானா! திங்கள்லேர்ந்து உங்க பேரையே போட்டுடறோம். படத்துக்கு வேணா வேற ஆள் பாக்கட்டுமா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்போதைக்கு இவரே இருக்கட்டும் சார். ஒரு மாசம் வச்சுப் பாப்போம்."